குழலுக்கும் குண்டுக்கும் நடுவே

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதைப் படிக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதில்லை. தேசூரில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வந்தவாசி வந்துவிடும். அயர் கூட், லாலி, அன்று சிறைப்பட்ட புஸ்ஸி என்று பெயர்கள் எங்களுக்கு மனப்பாடம். அந்தத் துப்பாக்கிகளுக்குள் என்ன அளவில் குண்டு இருந்தது என்பதை மட்டும் பாடம் சொல்வதில்லை. எனக்கோ அந்தப் போரில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான் என்று தோன்றுகிறது.

ஆங்கிலேயச் சிப்பாயின் மஸ்கட் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். அதற்குள் போட்ட ஈயக் குண்டு சுமார் 17.5 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியை அவர்கள் தெரிந்தேதான் விட்டார்கள். கருமருந்து எரிந்த கரி ஒவ்வொரு வெடிக்கும் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். கச்சிதமான குண்டாக இருந்தால் சில வெடிகளுக்குப் பிறகு உள்ளே இறங்காமல் நின்றுவிடும். நிமிடத்துக்கு மூன்று முறை சுட வேண்டிய ஆளுக்கு, தளர்ந்து விழும் குண்டே நல்ல குண்டு. ஆனால் அப்படி விழுந்த குண்டு வெளியேறும்போதும் குழலின் சுவரில் இப்படியும் அப்படியுமாக மோதிக்கொண்டே வந்தது. கடைசி மோதல் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கமாக விலகிப் பறந்தது. 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் தனி மனிதனைக் குறிபார்ப்பது வீண்வேலை. அதனால்தான் படைகள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, எதிரே நிற்கும் வரிசையின் மீது ஒருசேரச் சுட்டன. மனிதர்கள் நின்ற விதத்தையே அந்த ஒன்றரை மில்லிமீட்டர் தீர்மானித்தது.

பிரெஞ்சுக்காரரின் குழல் இன்னும் குறுகியது, சுமார் 17.5 மில்லிமீட்டர். அதற்கேற்ப அவர்கள் குண்டும் சிறியது. களத்தில் கிடந்த ஆங்கிலேயக் குண்டைப் பிரெஞ்சுச் சிப்பாய் பொறுக்கினால் அது அவன் குழலுக்குள் நுழையாது. பிரெஞ்சுக் குண்டை ஆங்கிலேயச் சிப்பாய் போட்டால் அது உள்ளே கடகடவென்று உருளும். இரண்டும் அச்சில் வார்த்தவை. இரு பாதி அச்சு சேரும் இடத்தில் ஒரு வரம்பு, ஈயம் ஊற்றிய வாயில் ஒரு தழும்பு, உள்ளே சில சமயம் ஒரு காற்றுக்குமிழி. ஆங்கிலேயக் குண்டு 31 கிராமை ஒட்டிய எடை, பிரெஞ்சுக் குண்டு அதைவிடக் குறைவு. ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.

இன்று பந்தயத்துக்கு ஏர் ரைபிள் சுடுகிறவர் கையில் இருப்பது அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஒரு ஈயத் துண்டு. எடை 0.53 கிராம், விட்டம் 4.5 மில்லிமீட்டர். ஆனால் 4.5 என்று பொதுவாகச் சொன்னால் கடைக்காரர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: 4.49-ஆ, 4.50-ஆ, 4.51-ஆ? தலையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பிரித்து, தனித்தனி டின்னில் அடைத்து விற்கிறார்கள். வந்தவாசிக் களத்தில் விட்ட இடைவெளிக்குள் இந்த அளவு வேறுபாடுகள் நூற்றைம்பது அடங்கும்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நம் ஊர்களுக்கென்று ஒரு நீண்ட கதை உண்டு. அதில் குண்டு என்பது விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அவரவர் கையால் செய்துகொண்டது. கூனியின் மனக்கசப்புக்குக் கம்பர் காட்டும் காரணம், சிறுவனாயிருந்த இராமன் வில்லில் வைத்து எய்த மண் உண்டைதான். அந்த உண்டை பிற்பாடும் ஊர்ப் பையன்கள் கையில் இருந்தது. ஏரிக் களிமண்ணைக் கல் நீக்கிப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டி, நிழலில் காயவைத்து, அடுப்புச் சாம்பலில் சுட்டு எடுத்தார்கள். வெயிலில் காய்ந்த உண்டை விரிசல் விடும், விரிசல் விட்ட உண்டை பாதி வழியில் உடையும், சப்பையான உண்டை வளைந்து போகும் என்பதெல்லாம் எவரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. உண்டிவில்லுக்குக் கூழாங்கல் பொறுக்கும்போதும் கை தானாகவே உருண்டையைத் தேடியது.

நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு இந்த அறிவு இன்னும் நுட்பமாகத் தேவைப்பட்டது. குழலின் வாய்வழியே கருமருந்தை இட்டு, துணியோ நாரோ வைத்துக் கெட்டித்து, அதன் மேல் ஈய ரவை போடுவார்கள். ரவை கிடைக்காதபோது சைக்கிள் கடையிலிருந்து பால்ரஸ். எஃகுப் பால்ரஸ் வார்த்த ஈயத்தைவிட நல்ல உருண்டை. ஆனால் ஈயம் இளகிக் கொடுக்கும், எஃகு கொடுக்காது, குழலைக் கீறும். மருந்து எவ்வளவு, ரவை எவ்வளவு என்பதற்குக் கையளவே அளவு. நரிக்குறவர்களில் மூத்தவர்கள் இந்தக் கணக்கில் தேர்ந்தவர்கள். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபோது அந்தத் தேர்ச்சிக்கு வேலை இல்லாமல் போனது. காட்டுயிர்களுக்கு அது பெரிய நன்மை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கைக்கணக்கில் ஒரு தலைமுறை சேர்த்து வைத்திருந்த அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதும் உண்மை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் தலைமுறைக்குத் துப்பாக்கி என்றால் திருவிழா. மேல்மலையனூர் அமாவாசையானாலும், படவேட்டு ஆடி வெள்ளியானாலும், திருவண்ணாமலை தீபமானாலும், கடைத்தெருவின் கோடியில் பலூன் சுடும் கடை ஒன்று இருக்கும். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள், பின்னால் கெட்டித்துணி, முன்னால் மேசையின் மேல் நடுவில் மடக்கும் ஏர் கன். பக்கத்தில் மூடியில்லாத ஒரு டின்னில் பெல்லட்டுகள். கடைக்காரர் குழலை மடக்கி, டின்னுக்குள் விரலை விட்டு அகப்பட்டதை எடுத்துச் செருகி, நிமிர்த்திக் கொடுப்பார். தோற்றவர்கள் எல்லாரும் ஒரே குற்றச்சாட்டைத்தான் சொல்வார்கள்: துப்பாக்கி இடப்பக்கம் இழுக்கிறது, கடைக்காரர் வேண்டுமென்றே குறிமுள்ளை வளைத்து வைத்திருக்கிறார்.

குறிமுள் வளைந்திருக்கலாம். ஆனால் பாதிப் பழி அந்த டின்னுக்குரியது. ஏர் கன் பெல்லட் உருண்டையானதல்ல. தலை கெட்டி, இடுப்பு ஒடுக்கம், பின்பகுதி உள்ளே குழிந்து விளிம்பு மெல்லியது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை அழுத்தும். அந்தக் காற்று பெல்லட்டின் பின்குழிக்குள் புகுந்து மெல்லிய விளிம்பை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்டவைக்கும். குழலுக்குள் சுழலாக வெட்டிய வரிகள் ஈயத்தைப் பற்றிச் சுழற்றி விடும். சுழன்று போவதால்தான் அது நேராகப் போகிறது. இத்தனையும் அந்த மெல்லிய விளிம்பை நம்பியிருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா லாரியில் குலுங்கி, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, விளிம்பு நசுங்கிய பெல்லட்டில் ஒரு பக்கம் காற்று கசியும். ஒரு குண்டு வேகமாகவும் அடுத்தது மந்தமாகவும் போகும். ஒன்று நடுவிலும் அடுத்தது ஓரத்திலும் படும். சுட்டவர் கை ஒன்றுதான், துப்பாக்கி ஒன்றுதான், குறியும் ஒன்றுதான். மாறியது டின்னிலிருந்து விரலில் அகப்பட்டது மட்டும்.

குழலுக்குத் தளர்வான, எடை குறைந்த பெல்லட் துப்பாக்கியையே கெடுக்கும் என்பது அன்று பலருக்குத் தெரியாது. எதிரே தடை இருந்தால் அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனுக்கு மெத்தையாக நிற்கும். தடையில்லாவிட்டால் பிஸ்டன் முழு வேகத்தில் போய்க் குழாயின் முனையில் இடிக்கும். தோல் வாஷர் தேயும், ஸ்பிரிங் முறியும். சீசன் முடிவதற்குள் கடைக்காரர் துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததற்கு மலிவான பெல்லட்டும் ஒரு காரணம். பலூன் பெரியது, தூரம் சில அடிகள். அதனால் அந்த மலிவை எல்லாராலும் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

பொறுக்க முடியாத இடம் பத்து மீட்டர் பந்தயம். அங்கே நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது தகுதிச் சுற்றில் முழு எண்களில்தான் மதிப்பெண். 60 குண்டுகளில் 596 எடுத்தார். பத்தின் ஓரத்தை உரசிய குண்டுக்கும் பத்தின் நெஞ்சில் பட்ட குண்டுக்கும் அந்தச் சுற்றில் ஒரே பத்து. இறுதிச் சுற்றில் மட்டுமே தசமம். 2013-இலிருந்து தகுதிச் சுற்றுக்கும் தசமம் வந்தது. 10.0 வேறு, 10.9 வேறு, ஒவ்வொரு 0.1-உம் கால் மில்லிமீட்டர். முன்பு அந்த வட்டத்துக்குள் மறைந்துபோன பெல்லட்டின் குறைகள் அதன்பின் மதிப்பெண்ணாகவே திரையில் தெரியத் தொடங்கின.

அதன் பொருள் என்ன என்பதைப் பாரிஸ் காட்டியது. 2024 ஒலிம்பிக்கில் பெண்கள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக வந்தார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாவதானார். இறுதிக்கு எட்டுப் பேருக்குத்தான் இடம். இருவருக்கும் இடையில் 0.8 புள்ளி, இலக்கின் மேல் அளந்தால் 60 குண்டுகளுக்கும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர். அதைப் பெல்லட் தீர்மானித்தது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மூச்சு, மனம், விரல், தோள் என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் தோல்விக்கும் வெற்றிக்கும் இடையிலான தூரம் இவ்வளவு ஒடுங்கிவிட்ட பிறகு, தலை அளவில் ஒரு நூறில் பங்கு பிசகிய பெல்லட்டை எந்த வீராங்கனையும் ஏற்றிக்கொண்டு கோட்டில் நிற்கமாட்டார்.

அதனால்தான் பெல்லட் தேர்வு இன்று தனி வேலையாகிவிட்டது. ரைபிளைப் பட்டறை வைஸில் இறுக்கிவிடுகிறார்கள். மனிதக் கையின் நடுக்கம் கணக்கில் வராது. ஒரே தொகுதி எண்ணிட்ட டின்னிலிருந்து வரிசையாகச் சில குண்டுகள், பிறகு அடுத்த தொகுதி, பிறகு அடுத்த தலை அளவு. பத்து மீட்டரில் எந்தத் தொகுதியின் குண்டுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே துளைக்குள் போகின்றனவோ அந்தத் தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். ஒரு ரைபிளுக்குப் பொருந்தியது அதே கம்பெனியின் இன்னொரு ரைபிளுக்குப் பொருந்தாமல் போகலாம். கைத்துப்பாக்கிக்கு 0.45 கிராம், ரைபிளுக்கு 0.53 கிராம் என்பது பொது வழக்கு. பந்தயப் பெல்லட்டின் தலை தட்டையாக இருப்பது காகித அட்டையில் சுத்தமான வட்டத் துளை விழுவதற்காக. மின்னணு இலக்கு வந்து காகிதம் ஓரளவு ஒதுங்கிய பிறகும் அந்தத் தட்டைத் தலை மாறவில்லை.

பட்டுத்தறி ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு புதிதாகத் தோன்றாது. ஆரணிப் பட்டுக்குப் பாவு ஓட்டுகிறவர் இழையை விரலிடுக்கில் ஓடவிட்டு, எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வதுபோல, தேர்ந்த சுடுநர் பெல்லட்டைக் குழலுக்குள் விரலால் தள்ளும்போதே அது இறுக்கமா தளர்வா என்று சொல்லிவிடுவார். இந்த விரலறிவு இயந்திரம் வந்த பிறகும் போய்விடவில்லை. வைஸில் பூட்டிச் சோதித்துத் தேர்ந்த டின்னிலும் விளிம்பு நசுங்கிய ஒன்று இரண்டு இருக்கும். அவற்றைப் பிடித்து ஒதுக்குவது கண்ணும் விரலும்தான்.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்த டின் எளிதில் எட்டுவதில்லை. உயர்தரப் பந்தயப் பெல்லட்டுகள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் சீனத்திலிருந்தும் வருகின்றன. பயிற்சிக்கு மட்டுமே மாதத்தில் ஆயிரக்கணக்கில் செலவாகும் பொருள் அது. தறி வருமானத்தில் ஓடும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை சென்னைக்குப் போய்ப் பயிற்சி பெறுவது எண்ணிப் பார்க்கவே கடினம். களிமண் உண்டைக்கு ஏரி போதுமாக இருந்தது. எந்தப் பையனுக்கும் அது மறுக்கப்படவில்லை. இன்றைய குண்டின் துல்லியத்தை நான் வியக்கிறேன். அந்தத் துல்லியத்தின் விலையை நினைக்கும்போது, கிடைத்ததைப்போலவே கைவிட்டுப் போனதும் பெரிதாகத் தெரிகிறது.

பிள்ளைகளுக்கு எட்டியது வேறொரு குண்டு. கடந்த சில பத்தாண்டுகளில் திருவிழாக் கடைகளில் பலூன் கடைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் துப்பாக்கிகள் தொங்கத் தொடங்கின. கூடவே சிறு பொட்டலத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் குண்டுகள், விட்டம் ஆறு மில்லிமீட்டர். உண்மைத் துப்பாக்கி வைத்திருக்கக் கடுமையான தடையுள்ள ஜப்பானில் 1970-களிலும் 80-களிலும் பெரியவர்களின் விளையாட்டாக வளர்ந்த ஏர்சாஃப்ட்டின் எளிய வடிவம்தான் அது. அங்கே அந்தக் குண்டுக்கும் ஒரு கறாரான இலக்கணம் உருவானது. நல்ல குண்டு 5.95 மில்லிமீட்டர், பிசகு நூறில் ஒரு பங்குக்குள். குழல் 6.03-இலிருந்து 6.08 வரை. வந்தவாசி மஸ்கட்டைப்போலவே இதுவும் உருண்டையான குண்டு, வழுவழுப்பான குழல். ஆனால் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகக் குறுகிவிட்டது. குழலின் பின்முனையில் ஒரு ரப்பர்த் துண்டு குண்டின் தலையை உரசிப் பின்னோக்கிச் சுழற்றிவிடும். அந்தச் சுழற்சியே குண்டைத் தாங்கிக்கொண்டு போகும். வரம்பு துருத்திய குண்டில் ரப்பர் ஒரு நேரம் பற்றும், ஒரு நேரம் வழுக்கும். உள்ளே குமிழி இருந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்து, குண்டு காற்றில் வளையும்.

எடையும் அப்படியே. திருவிழாப் பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் 0.12 கிராம். குழலை விட்டு விரைந்து போகும், காற்றில் சீக்கிரமே சோர்ந்துவிடும். விளையாட்டுக்காரர்கள் 0.20, 0.25, 0.28 என்று கனத்தைக் கூட்டுவது அதனால்தான். 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் போனால் அதன் ஆற்றல் ஒரு ஜூல். கண்ணில் பட்டால் பார்வை போக அதுவே போதும். பந்தய ஏர் ரைபிளில் அது எட்டு ஜூல். நம் சட்டமும் இந்த மொழிக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க, ஐந்து அடி தூரத்தில் ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பலகையை வைத்து, குண்டு அதைத் துளைக்கிறதா என்று சோதித்தார்கள். 2016 ஆயுத விதிகளில் 20 ஜூல் என்ற எண் வந்துவிட்டது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. இந்த இரண்டு மாற்றங்களையும் நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

இத்தனை நுட்பத்திலும் ஒன்றை மட்டும் வெகுகாலம் யாரும் தரம் என்று எண்ணவில்லை: குண்டு விழுந்த பிறகு அது என்ன செய்கிறது என்பதை. 1782-இல் பிரிஸ்டலின் வில்லியம் வாட்ஸ் உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து தண்ணீருக்குள் விழவைத்து, அச்சில்லாமல் உருண்டையான ரவை செய்யக் காப்புரிமை பெற்றார். ஈயத்தோடு சிறிது ஆர்சனிக்கும் சேர்த்தார்கள், உருண்டை இன்னும் ஒழுங்காக விழும் என்பதற்காக. அந்த நூற்றாண்டின் இறுதியில் எங்களுக்கு வடகிழக்கே வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைச் சுடக்கூடாதென்று அவர் எழுதிக் கொடுத்தார். ஊராரின் கவலை பறவைகளின் எச்சம் வயலுக்கு உரமாவது பற்றியது. ஏரிச் சேற்றில் தங்கும் ஈய ரவையை வாத்துகள் சிறுகல் என்று விழுங்கிச் சாகும் என்பது அன்று எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்கள் வாங்கிய தடை அதையும் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் நீர்நிலைகளில் ஈய ரவையைத் தடைசெய்தது 2023 பிப்ரவரியில்.

பலூன் கடையிலும் இதே கதைதான். இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கும்போது பெல்லட்டுகளைச் சிலர் உதட்டில் இடுக்கிக்கொண்டார்கள். அதே விரலால் பொரிகடலை தின்றோம். கடைக்காரரின் விரல் நுனி நாள் முழுக்கச் சாம்பல் பூத்திருக்கும். ஈயத்துக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்கும். இன்று நல்ல பயிற்சிக்கூடங்களில் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது என்பது விதி. இலக்கின் பின்னால் விழும் ஈயத்தைச் சேகரித்து உருக்க அனுப்புகிறார்கள்.

ஈயமில்லாத பெல்லட்டும் கடைக்கு வந்துவிட்டது. வெள்ளீயக் கலவையில் செய்தது, எடை குறைந்தது, ஈயத்தைவிடக் கெட்டி. கெட்டியாக இருப்பதால் குழலின் வரிகளை ஈயம்போல் இளகிப் பற்றுவதில்லை. வைஸில் பூட்டிச் சுட்டால் துளைகள் சற்று விரிந்தே விழுகின்றன. கால் மில்லிமீட்டருக்குப் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போகும் பந்தயத்தில் அதை எடுத்துக்கொண்டு கோட்டில் நிற்க முன்வருகிறவர்கள் இப்போதைக்குக் குறைவு. பலூன் கடைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. சில அடி தூரத்தில் இருக்கும் பலூனுக்கு ஈயமும் ஒன்றுதான், வெள்ளீயமும் ஒன்றுதான். அடுத்த ஆடித் திருவிழாவுக்குள் அந்த மூடியில்லாத டின்னில் ஈயம் இல்லாமல் போனால், பலகையில் ஒரு பலூன்கூடக் கூடுதலாகத் தப்பிக்காது.